ஒளியை ஆளும் நுண்பரப்புகள் – 7: கண்ணாடியே திரையாக

சென்ற வாரம் புரொஜெக்டரின் உள்ளே இருந்தோம். இப்போது அதன் ஒளி போய் விழும் திரைக்கு வருவோம்.

திரை தன்மேல் விழும் எல்லா நிறத்தையும் எல்லாத் திசையிலும் சிதறடிக்க வேண்டும். அப்போதுதான் ஓர இருக்கைக்காரருக்கும் படம் தெரியும். ஜன்னல் கண்ணாடி ஒளியைச் சிதறவிடாமல் அப்படியே கடத்துகிறது. அதனால் அதன் வழியே தெரு தெரிகிறது. அதன்மேல் படம் நிற்பதில்லை. திரையாகவும் ஜன்னலாகவும் ஒரே பொருள் இருக்க முடியுமா?

முடியும் என்று 2014 ஜனவரியில் காட்டியது, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மரின் சொல்யாச்சிச் தலைமையிலான குழு. அவர்கள் பிடித்துக்கொண்ட நுனி மிக எளிது. அறை வெளிச்சத்தில் எல்லா அலைநீளங்களும் பரவிக் கிடக்கின்றன. லேசர் புரொஜெக்டரோ சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் மயிரிழை போன்ற ஒரு கீற்றைத்தான் பயன்படுத்துகிறது. அந்தக் கீற்றுகளை மட்டும் சிதறடித்து, மற்றதையெல்லாம் போகவிட்டால் போதும்.

சோதனைக்கு நீலத்தை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 60 நானோமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளித் துகள்களைத் தெளிந்த பாலிமர் கரைசலில் கலந்து, ஊற்றி, உலரவிட்டார்கள். அவ்வளவுதான் திரை. கட்டியாக இருக்கும் வெள்ளி எல்லா நிறத்தையும் பிரதிபலிக்கும். இவ்வளவு சிறிய துகளிலோ எலெக்ட்ரான்கள் மொத்தமாக அங்குமிங்கும் அசைகின்றன. ஊஞ்சலை அதன் வீச்சுக்கு இசைந்து தள்ளினால்தான் உயர எழும். அதுபோல 458 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி வரும்போதுதான் அந்த அசைவு உச்சம் தொடுகிறது, நீலம் நாலாபுறமும் தெறிக்கிறது. அலையின் நீளத்தில் துகள் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் அலையை மடக்குகிறது! அந்தத் தகட்டில் நீல எழுத்துகள் ஒளிர, பின்னால் வைத்த கோப்பைகளும் தெளிவாகத் தெரிந்தன.

இந்த வித்தை பழையது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 4-ஆம் நூற்றாண்டு ரோமானியக் கோப்பையான லைகர்கஸ், வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளிருந்து பாய்ந்தால் சிவப்பு. காரணம், கண்ணாடியில் கலந்த வெள்ளி, தங்க நுண்துகள்கள்.

கார் முன்கண்ணாடியில் வேகம் காட்டும் கருவிகள் ஏற்கெனவே உண்டு. ஆனால் அங்கே கண்ணாடி பிரதிபலிக்கத்தான் செய்கிறது. ஓட்டுநர் தலை இருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கிருந்தும் படம் தெரியாது. சிதறும் திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சிக்கல் மற்ற இரு நிறங்களில் இருக்கிறது. சிலிக்கா மணிமேல் வெள்ளி ஓடு போர்த்தினால் பச்சைக்கும் சிவப்புக்கும் நகரலாம் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் ஓடு எல்லாத் துகளிலும் ஒரே தடிமனில் அமைய வேண்டும். பிசகினால் கீற்று அகன்று, கண்ணாடி மங்கும். வெள்ளி கொஞ்சம் ஒளியை விழுங்கவும் செய்யும்.

என்னை அதிகம் ஈர்ப்பது கடை ஜன்னலோ காரோ அல்ல. இதே தகட்டின் பின்னால் கறுப்புத் துணி கட்டினால், அறை வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் துணி விழுங்கிவிடும், லேசர் படம் மட்டும் திரும்பி வரும். ஜன்னல்களைச் சாத்தாமலே வகுப்பறையில் பாடம் காட்டலாம்.

(தொடரும்)