இணைப்பு அறுந்தால் இழப்பு யாருக்கு?

ரெட்டியார்பாளையத்தில் கீரை விற்பவரின் கூடையருகே இன்று க்யூஆர் அட்டையும் இருக்கிறது. வாங்கியவரின் கணக்கில் பணம் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. விற்றவருக்கோ எந்தத் தகவலும் இல்லை. இருவர் சொல்வதும் உண்மையே. செலுத்துபவரின் வங்கியில் பற்றும், பெறுபவரின் வங்கியில் வரவும் தனித்தனிப் பேரேடுகளில் பதிவாகின்றன. இடையில் தொடர்பு அறுந்தால் பேரேடுகள் முரண்படும்.

இதற்குத் தொழில்நுட்பத்தில் முழுமையான தீர்வு இல்லை. கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000-ஆம் ஆண்டில் முன்வைத்து, சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002-இல் நிறுவிய தேற்றம் இதைத்தான் சொல்கிறது: பல இடங்களில் பரவிய தரவுத்தளங்களிடையே தொடர்பு துண்டிக்கப்படும்போது, கணக்கின் ஒருமை, சேவையின் தொடர்ச்சி ஆகிய இரண்டையும் ஒருசேரக் காக்க இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு. கூட்டுக் கணக்கில் ரூ.1,000 இருக்கிறது. தொடர்பு அறுந்த நேரத்தில் கணவர் புதுச்சேரியிலும் மனைவி விழுப்புரத்திலும் ஏடிஎம்மில் தலா ரூ.1,000 கேட்கின்றனர். இருவருக்கும் கொடுத்தால் வங்கிக்கு இழப்பு. தொடர்பு திரும்பும்வரை மறுத்தால் மருந்து வாங்க வந்தவர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். ஆகவே, இது பொறியாளர்கள் மட்டும் தீர்மானிக்க வேண்டிய விஷயமன்று. இழப்பை யார் சுமப்பது என்ற பொருளாதாரக் கேள்வியுமாகும்.

சிறு தொகைகளில் தொடர்ச்சிக்கே முன்னுரிமை தரலாம். யுபிஐ லைட் அந்தத் திசையில் ஒரு முயற்சி. ஒவ்வொரு முறையும் செலுத்துபவரின் வங்கிக் கணக்கை நாடாமல், கைப்பேசியில் ஒதுக்கிய இருப்பிலிருந்தே பணம் கழிகிறது. 2024 டிசம்பரில் இதன் வரம்பு ஒரு முறைக்கு ரூ.1,000, மொத்த இருப்பு ரூ.5,000 என உயர்த்தப்பட்டது. பெருந்தொகைகளில் தாமதமானாலும் கணக்கின் ஒருமையே முக்கியம்.

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை தாமதத்துக்கும் ஒரு விலை வைத்தது. பணம் கழிந்தும் கடைக்காரருக்கு உறுதி கிடைக்காவிட்டால், ஐந்து நாள்களுக்குள் அத்தொகை தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், வாடிக்கையாளருக்குப் பணம் திரும்பிவிட்டால், கொடுத்த கீரைக்கு விற்றவர் யாரிடம் விலை கேட்பார்?

வாங்கியவர் கணக்கில் பணம் கழிந்தது உறுதியானால், சிறு தொகைகளை விற்பவருக்கு உடனே வரவு வைத்துவிட்டு, வங்கிகள் பின்னர் தமக்குள் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். அந்தச் சிறு இழப்பைத் தாங்கும் வலிமை வங்கிக்கு உண்டு; அன்றாடம் முதலெடுத்து விற்பவருக்கு இல்லை.