வரைவாளர்கள் கூடும் மாலை

மாதத்தில் ஒரு நாள், பெரும்பாலும் வாரத்தின் நடுவில் வரும் ஒரு மாலைப் பொழுதில், அலுவலகங்கள் மூடிய பிறகு, கட்டடக் கலைஞர் ஒருவரிடம் வேலை செய்பவரும், குழாய் அமைக்கும் கம்பெனியில் படம் போடுபவரும், நகராட்சியின் சாலைப் பிரிவில் உத்தியோகம் பார்ப்பவரும், இயந்திர உறுப்புகளை வரைபவருமாக, ஒருவரோடொருவர் அதற்குமுன் யாதொரு சம்பந்தமும் இல்லாத இருபது முப்பது பேர், ஊரிலுள்ள தொழிற்கல்லூரியின் கணினி அறையிலோ, மென்பொருள் விற்பவரின் காட்சிக்கூடத்திலோ வந்து அமர்வார்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவான பொருள் ஒன்றே. அது ஆட்டோகேட் என்னும் வரைவு மென்பொருள். 1980-களின் நடுவிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நகரந்தோறும் தோன்றி வளர்ந்த இந்தக் கூட்டங்களுக்குப் பயனாளர் குழு என்று பெயர். சம்பளமில்லாமல், பதவியில்லாமல், தாங்கள் பட்ட சிரமத்தைப் பிறர் படவேண்டாம் என்ற ஒரே எண்ணத்தோடு நடத்தப்பட்ட இக்குழுக்களின் கதை, கணினியின் சரித்திரத்தில் போதிய மரியாதையோடு சொல்லப்படாத ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

இவர்களுடைய தொழிலை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வீடு எழும்புவதற்கு முன்னால், ஒரு பாலம் தன் தூணை ஆற்றில் ஊன்றுவதற்கு முன்னால், ஒரு பம்பு வார்ப்படச் சாலைக்குப் போவதற்கு முன்னால், அது காகிதத்தின்மேல் கோடுகளாக ஜனிக்கிறது. அந்தக் கோடுகளை இடுபவரே டிராப்ட்ஸ்மேன் என்று நாம் வழங்கும் வரைவாளர். சாய்ந்த பலகையின்மேல் டிரேசிங் காகிதத்தை ஒட்டி, டி-ஸ்கொயரையும் மூலைமட்டத்தையும் நகர்த்தி, மையால் அவர் இழுத்த கோடு பிசகிவிட்டால், சவர பிளேடினால் பதமாகச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் இழுக்க வேண்டும். வீட்டுக்காரர் மனம் மாறிச் சுவரை ஓர் அடி தள்ளிவைக்கச் சொன்னாரானால், பாதிப் படத்தை மறுபடி வரைய வேண்டும்.

இந்த வேலையைக் கணினியின் திரையில் செய்ய முடியும் என்பதை 1963-ஆம் வருஷத்திலேயே எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்பவர், ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதி, ஒளிப்பேனாவால் திரையின்மேல் கோடு வரைந்து பிரத்தியட்சமாகக் காட்டிவிட்டார். ஆயினும் அவ்வித வசதியை வாங்குவதற்கு, அடுத்த இருபது வருஷங்கள் வரையில், விமானம் கட்டுபவர்களுக்கும் மோட்டார் வாகனம் செய்பவர்களுக்கும் அவர்களைப் போன்ற பெரிய ஸ்தாபனங்களுக்கும் மட்டுமே பணபலம் இருந்தது. 1982-ல் கலிபோர்னியாவில் ஜான் வாக்கரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஆட்டோடெஸ்க் என்ற சிறிய கம்பெனியைத் தொடங்கி, மைக் ரிடில் என்பவர் முன்னமே எழுதியிருந்த இன்டராக்ட் என்ற நிரலிலிருந்து ஆட்டோகேட்டை உருவாக்கி, அவ்வருஷம் நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில் வைத்தபோது, மேஜைமேல் அடங்கும் சாதாரணக் கணினியிலேயே படம் வரையலாம் என்ற நிலை உண்டாயிற்று. அப்போது அதன் விலை ஆயிரம் டாலர். மூன்று பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகமும் எட்டிப் பிடிக்கக்கூடிய விலை அது.

ஆனால் பெரிய ஸ்தாபனங்களில், கருவியோடு கூடவே அதைக் கற்பிக்க ஆசிரியர்களும் பழுது பார்க்க நிபுணர்களும் வந்தார்கள். சின்ன அலுவலகத்து வரைவாளருக்கோ கிடைத்தது ஒரு தடித்த கையேடும், விற்பனையாளரின் தொலைபேசி எண்ணுமே. விற்றவருக்கு விற்கத் தெரிந்திருந்த அளவுக்கு வரையத் தெரிந்திருக்கவில்லை என்பதைப் பலர் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அப்போதுதான், பக்கத்துத் தெருவில் இதே கருவியோடு மல்லுக்கட்டும் இன்னொருவரைத் தேடிப் போக வேண்டிய அவசியம் பிறந்தது.

கருவியை உபயோகிப்பவர்கள் தாங்களே கூடுவது கணினி உலகத்துக்குப் புதிதன்று. 1955-லேயே ஐ.பி.எம். 704 என்ற ராட்சசக் கணினியை வாங்க முன்வந்த கம்பெனிகளின் நிரலாளர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் கூடி, ஷேர் என்ற பெயரில் ஒரு சங்கம் அமைத்து, தாங்கள் எழுதிய நிரல்களை ஒருவருக்கொருவர் இனாமாகக் கொடுத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம், முப்பது வருஷங்களுக்குப் பிறகு, மின்தூக்கிக் குழியும் கழிவுநீர்க் குழாயும் வரைகிறவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம்.

கூட்டத்தின் உயிர்நாடி கேள்வி நேரம். புதிதாய் வந்த ஒருவர் எழுந்து கேட்கக்கூடிய கேள்வி எது என்று எண்ணிப் பார்த்தால், எழுத்தின் அளவைப் பற்றிய கேள்வியே முதலில் நிற்கும். பலகையில் வரைந்தபோது, வீட்டை எத்தனை மடங்கு சுருக்குவது என்பதை முதலிலேயே நிச்சயித்துக்கொண்டு, சுருங்கிய அளவில் கோடு இழுத்தோம். கணினியிலோ வீட்டை வீட்டளவிலேயே, முப்பது அடிச் சுவரை முப்பது அடியாகவே, வரைய வேண்டும். காகிதத்தில் அச்சிடும்போதுதான் சுருக்கம் நிகழ்கிறது. இதை நன்றாகப் புரிந்துகொண்டு முழுவீட்டையும் அழகாக வரைந்து முடித்த ஒருவர், 'சமையலறை' என்று அரைக்கால் அங்குல உயரத்தில் எழுதிவிட்டு அச்சிட்டுப் பார்த்தால், அறையின் நடுவில் ஒரு தூசிதான் தெரியும். ஏனெனில் ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்கும் படத்தில் எல்லாமே 48 மடங்கு சிறுத்துப் போகிறது. சுவர் சிறுப்பது நியாயம், எழுத்தும் கூடவே சிறுத்துவிடுகிறது. ஆகவே காகிதத்தில் அரைக்கால் அங்குலம் வேண்டுமென்றால், படத்தில் 6 அங்குல உயரத்துக்கு எழுத வேண்டும். சொல்லிவிட்டால் அரை நிமிஷ விஷயம். சொல்வாரில்லாதவருக்கோ இரண்டு நாள் வேதனை. 1990-ல் வந்த 11-ஆம் பதிப்பில், காகிதத்துக்கென்றே தனி வெளி ஒன்றை ஏற்படுத்தி இந்தச் சிக்கலுக்குக் கம்பெனி ஒரு பரிகாரம் செய்தது. அந்தப் பரிகாரத்தைப் புரிந்துகொள்வதற்கே பிறகு பல மாலைகள் தேவைப்பட்டன.

இன்னொன்று, சந்திப்பதுபோல் தோன்றிச் சந்திக்காத கோடுகள். திரையில் இரண்டு சுவர்கள் மூலையில் கச்சிதமாகக் கூடியிருக்கும். ஆனால் அந்த அறைக்குள் செங்கல் குறியை நிரப்பச் சொன்னால் கணினி மறுத்துவிடும், அல்லது குறி வெளியே வழிந்தோடும். அநுபவஸ்தர் ஒருவர் முன்வந்து, மூலையை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று பெருக்கிக்கொண்டே போனால், மயிரிழையிலும் மெல்லியதோர் இடைவெளி அங்கே வாய் பிளந்து நிற்பது தெரியவரும். கண்ணை நம்பி வரைந்ததன் பலன் அது. கோட்டின் முனையைக் கணினியே பற்றிக்கொள்ளும்படி செய்யும் 'ஆப்ஜெக்ட் ஸ்நாப்' என்ற கட்டளையைப் பழக்கிக்கொண்டவருக்கு இந்த விபத்து நேராது. கையேட்டில் இது இல்லாமலில்லை. ஆனால் தன் படமே பெரிய திரையில் ஆயிரம் மடங்காக விரிந்து, தன் பிழையே சபையின் முன் வெளிப்பட்டு, அருகிலிருந்த பத்துப் பேர் தங்களுக்கும் அதுவே நேர்ந்ததென்று சொல்லித் தேற்றுகிற இடத்தில் கற்றது, ஆயுள் உள்ளவரை மறப்பதில்லை.

இனி, இக்குழுக்கள் ஆட்டோகேட்டைச் சுற்றி அவ்வளவு செழித்ததற்கு மூலகாரணம் ஒன்று உண்டு. அதைச் செய்தவர்கள் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். திரையின் ஓரத்தில் வரும் மெனு சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருந்ததால், எவரும் அதைத் திருத்தித் தமக்கு வேண்டிய வகையில் அமைத்துக்கொள்ளலாம். படத்தை வேறு நிரல்கள் படிக்கும்படி எழுத்து வடிவில் தரும் டி.எக்ஸ்.எப். என்ற அமைப்பின் விவரங்கள் பகிரங்கமாக அச்சிடப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, 1986-ஆம் வருஷத்துப் பதிப்பில் ஆட்டோலிஸ்ப் என்ற முழுமையான நிரல்மொழியே உள்ளே வந்து அமர்ந்தது. செயற்கை அறிவை ஆராய்ந்த அறிஞர்களுக்காக ஜான் மெக்கார்த்தி 1950-களின் இறுதியில் சிருஷ்டித்த லிஸ்ப் மொழி, இவ்விதமாக, கல்லூரியில் கணினி பயிலாத வரைவாளர்களின் மேஜைக்கு வந்தது. அவர்கள் அடைப்புக்குறிகளை விரல்விட்டு எண்ணி எண்ணி அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதை நினைக்கையில் எனக்கு உள்ளபடியே பெருமிதம் உண்டாகிறது.

மாடிப்படி வரைவதை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் உயரம் எவ்வளவு, எத்தனை படிகள், ஒவ்வொரு படியின் அகலம் என்ன என்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டு, பதில் வந்ததும் படிகளையெல்லாம் தானே வரைந்துவிடும் ஒரு சிறிய நிரலை, இருபது வரிகளில், ஒருவர் தம் அலுவலகத் தேவைக்காக எழுதுகிறார். அதை ஒரு பிளாப்பி வட்டில் பதிந்து அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவருகிறார். குழுவின் நூலகத்தில் அது சேர்கிறது. மற்றவர்கள் பிரதி எடுத்துப் போகிறார்கள். சுழல்படிக்கும் அதுவே உதவும்படி ஒருவர் திருத்திக் கொண்டுவருகிறார். தம் பெயரை நிரலின் முதல் வரியில் எழுதிவைத்ததற்கு மேல் அவர்களில் யாரும் பிரதிபலன் எதிர்பார்க்கவில்லை.

வியாபாரத்தில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் தங்கள் வித்தையை ஏன் இப்படித் தாரைவார்க்க வேண்டும் என்று வாசகர் வினவலாம். அந்தத் தொழிலின் சுபாவத்திலேயே விடை இருக்கிறது: படம் ஓர் அலுவலகத்தோடு நிற்பதில்லை. கட்டடக் கலைஞர் வரைந்ததன்மேல்தான் மின்சார எஞ்சினியர் விளக்குகளை வைக்கிறார், குழாய்க்காரர் குழாயை ஓட்டுகிறார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்களைப்போல் ஆட்டோகேட் படத்தில் லேயர்கள் உண்டு. சுவரை ஒன்றிலும் கதவை ஒன்றிலும் விளக்கை ஒன்றிலும் வைத்தால், வேண்டியதை மட்டும் காட்டி மற்றதை மறைக்கலாம். ஆனால் ஓர் அலுவலகத்தார் சுவருக்கு 'வால்' என்றும், இன்னொருவர் '1' என்றும், மற்றொருவர் தம் மனம்போனபடியும் பெயரிட்டால், வாங்கிக்கொண்டவர் எந்தத் தாளில் என்ன இருக்கிறதென்று தடவிப் பார்த்தே நாளைக் கழிக்க வேண்டியதுதான். நிறத்திலும் இதே குழப்பம். அக்காலத்துப் பிளாட்டர் என்ற வரையும் இயந்திரம் உண்மையான பேனாக்களைக் கவ்விக்கொண்டு வரைந்தது. திரையில் சிவப்பாகத் தெரிவது மெல்லிய பேனாவுக்கும், பச்சை தடித்த பேனாவுக்கும் அடையாளம் என்று ஓரிடத்தில் இருந்தால், அடுத்த இடத்தில் நேர் விரோதமாக இருக்கும். இந்த விஷயங்களில் ஊரளவிலாவது ஓர் உடன்பாடு காண்பதற்குக் குழுவைத் தவிர வேறு சபை இருக்கவில்லை. 1990-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கமே லேயர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்துப் புத்தகமாக வெளியிட்ட பிறகும், அதை ஏற்பதா, எவ்வளவு ஏற்பது என்ற விவாதம் இந்த மாலைகளில்தான் நடந்தது.

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகச் செய்திமடல் அச்சிட்டார்கள். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரத்து ஆட்டோகேட் பயனாளர் சங்கம் அப்படி ஒரு மடலைத் தொடங்கிற்று. அதுவே வளர்ந்து கேடலிஸ்ட் என்ற பெயருள்ள பத்திரிகையாகி, இந்தத் துறையில் பலகாலம் முதன்மையாக விளங்கியது.

கூடிப் பேசுகிறவர்களின் குரல் கம்பெனியின் காதிலும் விழாமல் போகவில்லை. திருட்டுப் பிரதியைத் தடுக்க வேண்டி, கணினியின் பின்புறத்தில் ஒரு பூட்டைச் செருகினாலன்றி நிரல் ஓடாது என்ற ஏற்பாட்டை 1980-களின் நடுவில் ஆட்டோடெஸ்க் அமெரிக்காவில் கொண்டுவந்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்களைக் கள்வராகப் பாவிப்பதா என்று கொதித்தெழுந்தார்கள். அங்கே அந்தப் பூட்டு நீங்கிற்று. 1990-ல் ஊர்க்குழுக்களை இணைத்து வட அமெரிக்க ஆட்டோகேட் பயனாளர் குழு தோன்றி, பின்னர் அது சர்வதேச அமைப்பாக விரிந்து, ஆகி என்ற சுருக்கப் பெயரால் இன்றும் இயங்குகிறது. அடுத்த பதிப்பில் என்னென்ன வேண்டும் என்று அங்கத்தினர்களிடம் கேட்டு, வாக்கெடுத்து, விருப்பப் பட்டியல் ஒன்றைக் கம்பெனியிடம் சமர்ப்பிப்பது அதன் முக்கியமான கைங்கரியங்களில் ஒன்று. கூடிக் கற்கும் இந்த வழக்கத்தின் பெரிய வடிவமாக, ஆட்டோடெஸ்க் யுனிவர்சிட்டி என்று இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் மகாநாடு, 1993-ல் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முறையாக நடந்தது.

இணையம் வந்தபின் ஊர்க்கூட்டங்கள் பல மெலிந்துவிட்டன என்பது மறைக்க முடியாத உண்மை. சந்தேகம் தோன்றிய கணத்திலேயே விடை தேடிக்கொள்ளும் வசதி இருக்கும்போது மாதக்கடைசி வரையில் யார் காத்திருப்பார்? எனினும், கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையால் மவுஸை நகர்த்திக்கொண்டே இடது கையால் ஒற்றை எழுத்துக் கட்டளைகளை விசைப்பலகையில் தட்டுகிற லாகவத்தைக் கண்ணால் கண்டவர், தாம் கேட்கவே தெரியாதிருந்த கேள்விக்கும் விடை பெற்றுப் போகிறார். தேடத் தெரிந்ததற்கு மட்டுமே விடை தரும் சாதனத்தால் இந்தக் காரியம் ஆகாது.

நம் நாட்டிலும் ஐ.டி.ஐ.களில் படவரைவு கற்கும் மாணவர்கள் இந்த மென்பொருளைப் பயில்கிறார்கள். கோயம்புத்தூரின் பம்புத் தொழிற்சாலைகளிலும் சென்னையின் கட்டட அலுவலகங்களிலும் வரைவாளர்கள் நாள்தோறும் இதன்முன் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் ஊரில் இதே தொழில் செய்யும் நாலு பேரை மாதத்தில் ஒரு மாலை அழையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தொடங்குவதற்கு ஓர் அறையும் ஒரு கணினியும் ஒரு திரையும் போதும். வருகிறவர் ஒவ்வொருவரும், தமக்குப் பிடிகொடுக்காமல் போன படம் ஒன்றைக் கையோடு கொண்டுவரட்டும்.