சொப்பனம், தரிசனம், தோற்றம்: தமிழ் விவிலியத்தில் தெய்வச் செய்தியைக் குறிக்கும் சொற்கள்

1. முன்னுரை

கடவுள் மனிதனோடு கனவிலும் காட்சியிலும் பேசுகின்றார் என்பது விவிலியத்தின் பல நூல்களில் காணப்படும் கருத்தாகும். இக்கருத்தைச் சமயவியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் அக்கருத்தைச் சுமந்து வரும் தமிழ்ச் சொற்களின் பொருளெல்லையும், அச்சொற்கள் ஏற்கும் தொடரமைப்பும் தனியே ஆராயத்தக்கவை. சொல் மாறும்போது, பேசுபவன் தான் கண்டதாகக் கூறும் செய்தியின் உண்மைத்தன்மையும் மாறுகின்றது. ஆகவே இது மொழிபெயர்ப்பாளர் எளிதில் கடந்து செல்லக்கூடிய சிக்கலன்று.

இச்சிக்கல் மும்பையில் கூர்மையடைகின்றது. தாராவியில் வாழும் தமிழருள் பலர் பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி வந்தோரின் வழியினர். அவர்களுள் கிறித்தவர்கள் வழிபாட்டில் தமிழையும், தெருவில் இந்தியையும், அலுவலகத்திலும் பள்ளியிலும் மராத்தியையும் கேட்கின்றனர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இந்நிலை அளவில் வேறுபட்டாலும் தன்மையில் வேறன்று. மூன்று மொழிகளும் வடமொழியிலிருந்து ஒரே சொல்லைக் கடன்பெற்றுள்ளன. ஆனால் மூன்றும் அதற்கு வெவ்வேறு பொருளைத் தந்துள்ளன. இந்நிலையில் ஒருவர் கூறும் தெய்வ அனுபவத்தை மற்றொரு மொழியில் எடுத்துரைப்பவர் எங்கே இடறக்கூடும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மூலமொழிகளின் சொற்பாகுபாடு

எபிரேயத்தில் உறக்கத்தில் காண்பதைக் குறிக்கும் சொல் ‘ஹலோம்’ என்பதாகும். இறைவாக்கினர் காண்பதை ‘ஹாஸோன்’, ‘மர்ஆ’ முதலிய சொற்கள் குறிக்கின்றன. இவை ‘பார்த்தல்’ என்னும் பொருளுடைய வினையடிகளிலிருந்து பிறந்தவை. இவ்விரு வகைகளும் எப்போதும் பிரிந்தே நிற்பதில்லை. யோபு 33:15-இல் இரண்டும் இணைச்சொற்களாக வருகின்றன. தானியேல் 7:1-இல் கனவும் தலையின் காட்சிகளும் ஒருங்கே கூறப்படுகின்றன. எண்ணாகமம் 12:6-8 பகுதியோ தெளிவான ஒரு படிநிலையை அமைக்கின்றது. ஏனைய இறைவாக்கினருக்குக் காட்சியும் கனவும் வழிகளாக அமைய, மோசேயோடு மட்டும் கடவுள் புதிர்மொழியின்றி நேரே பேசுகின்றார். அங்கே ‘மர்ஆ’ (காட்சி), ‘மர்ஏ’ (வெளிப்படையாகக் காணுதல்) என்னும் இரு சொற்களும் உயிரொலியால் மட்டுமே வேறுபடுகின்றன. பொருளால் எதிரெதிரே நிற்கின்றன.

கிரேக்கத்தில் பாகுபாடு மேலும் நுட்பமானது. ‘ஒனர்’ (கனவு) என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் மத்தேயு நற்செய்தியில் மட்டுமே ஆறு இடங்களில் வருகின்றது. அவற்றுள் ஐந்து இயேசுவின் குழந்தைப் பருவ நிகழ்ச்சிகளிலும், ஒன்று பிலாத்துவின் மனைவி கண்ட கனவிலும் அமைகின்றன. திருத்தூதர் பணிகள் நூலில் பெரிதும் வழங்குவது ‘ஹொராமா’ (காட்சி) என்பதாகும். தன்னுணர்வு கடந்த நிலையை ‘எக்ஸ்தாசிஸ்’ குறிக்கின்றது. உயிர்த்த இயேசு சீடருக்குக் காணப்பட்டதை 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரம் ‘ஓஃப்தே’ என்னும் வினையால் கூறுகின்றது. இது ‘காணப்பட்டார்’ எனப் பொருள்படும் செயப்பாட்டு வடிவமாகும்.

‘ஹொராமா’ தன்னளவில் உண்மைக்கு மாறானதன்று. எனினும் திருத்தூதர் பணிகள் 12:9-இல், சிறையிலிருந்து விடுவிக்கப்பட்ட பேதுரு, தனக்கு நேர்வது மெய்யான நிகழ்ச்சி என்று அறியாமல், அதை ‘ஹொராமா’ என்றே எண்ணுகின்றார். ஆக, நூலுக்குள்ளேயே ‘காட்சி’ என்பதும் ‘மெய்யாக நிகழ்வது’ என்பதும் எதிர்நிலைகளாக நிற்கும் இடம் ஒன்று உண்டு.

இங்கு மற்றொரு பாகுபாடும் கருதத்தக்கது. பண்டைய அண்மைக் கிழக்கின் கனவுகளை ஆராய்ந்த லியோ ஓப்பன்ஹைம் (1956) அவற்றைச் செய்திக் கனவுகள், குறியீட்டுக் கனவுகள் எனப் பிரித்தார். அபிமெலேக்கு, லாபான், மரியாவின் கணவர் யோசேப்பு ஆகியோரின் கனவுகளில் செய்தி நேர்மொழியாகவே வருகின்றது. பொருள் கூறுவோர் தேவையில்லை. பார்வோன், நெபுகாத்நேச்சார் ஆகியோரின் கனவுகள் உருவங்களாக அமைகின்றன. பொருள் கூற ஒருவர் வேண்டும். முன்னவை கேட்கப்படுபவை, பின்னவை பார்க்கப்படுபவை. தமிழில் ‘காண்’ என்னும் ஒரே வினை இரண்டையும் தழுவி நிற்கின்றது.

3. தமிழ் மொழிபெயர்ப்புகளின் தேர்வு

சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சானதை (1714-15) அடுத்து பாப்பிரிசியுசு, இரேனியசு முதலியோரின் மொழிபெயர்ப்புகளும், பெர்சிவலும் ஆறுமுக நாவலரும் ஈடுபட்ட யாழ்ப்பாண மொழிபெயர்ப்பும் (1850) தோன்றின. என்றாலும் சீர்திருத்தத் திருச்சபையினரின் வழக்கை உறுதிப்படுத்தியது பவர் தலைமையில் அமைந்த 1871-ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பே ஆகும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. இவ்விரண்டையும் ஒப்பிடுவது இங்குப் போதுமானது.

ஐக்கிய மொழிபெயர்ப்பு யோசேப்பின் கதையிலும் தானியேலிலும் மத்தேயுவிலும் ‘சொப்பனம்’ என்கின்றது. இறைவாக்கினர் காண்பதைத் ‘தரிசனம்’ என்கின்றது. இறைவாக்கினர் ‘தீர்க்கதரிசி’, அவருக்கு முற்காலத்தில் வழங்கிய பெயர் ‘ஞானதிருஷ்டிக்காரன்’. திருத்தூதர் பணிகள் 10:10-இல் பேதுரு அடையும் ‘எக்ஸ்தாசிஸ்’ நிலையும் ‘ஞானதிருஷ்டி’ ஆகின்றது. அதாவது எபிரேயத்தில் ஒருவரின் பதவிப் பெயராகிய சொல்லுக்கும், கிரேக்கத்தில் மனநிலையைக் குறிக்கும் சொல்லுக்கும் தமிழில் ஒரே அடி அமைந்துவிடுகின்றது. திருவிவிலியம் ‘கனவு’, ‘காட்சி’, ‘இறைவாக்கினர்’, ‘திருக்காட்சியாளர்’ எனத் தமிழ்ச் சொற்களைத் தேர்கின்றது.

இதை வடசொல், தென்சொல் வேறுபாடாக மட்டும் கொள்வது பிழையாகும். ‘சொப்பனம்’ சைவ சித்தாந்தத்தில் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி என எண்ணப்படும் அவத்தைகளுள் ஒன்று. அது ஆன்மாவின் நிலையைக் குறிக்கும் கலைச்சொல். ‘கனவு’ அகத்திணை மரபில் காதலரைக் கூட்டுவிப்பது. திருக்குறளில் கனவுநிலையுரைத்தல் ஓர் அதிகாரம். சிலப்பதிகாரத்திலோ கனாத்திறமுரைத்த காதையில் கண்ணகியின் கனவும், பின்னர்ப் பாண்டிமாதேவியின் கனவும் வருவது உணர்த்துகின்றன. எனவே செய்தி தரும் கனவு தமிழுக்குப் புதிதன்று. ஆனால் இன்றைய வழக்கில் ‘கனவு’ விருப்பத்தையும் இயலாமையையும் குறிக்கும் அளவுக்குத் தேய்ந்துள்ளது. ‘பகற்கனவு’, ‘கனவு காணாதே’ என்பன சான்றாகும்.

‘காட்சி’யும் இவ்வாறே. மணிமேகலையின் அளவை நூற் பகுதியில் அது நேரே அறியும் அளவையாகிய பிரத்தியட்சம். இன்றைய பேச்சிலோ திரையரங்கில் ‘மாலைக்காட்சி’. ஆகையால்தான் ‘திரு’ என்னும் அடை தேவையாகின்றது; கத்தோலிக்கத் தமிழில் ‘திருக்காட்சி’ ஒரு பெருவிழாவின் பெயராகவும் நிலைத்துள்ளது.

4. வேற்றுமை அமைப்பும் செயலாளியும்

சொல்லைவிடத் தொடரமைப்பே பொருளை மிகுதியும் தீர்மானிக்கின்றது. பின்வரும் தொடர்களை நோக்குக:

(1) நான் ஒரு கனவு கண்டேன்.
(2) எனக்கு ஒரு கனவு வந்தது.
(3) நான் ஆண்டவரைத் தரிசித்தேன்.
(4) ஆண்டவர் எனக்குத் தரிசனம் தந்தார்.
(5) ஆண்டவர் எனக்குத் தரிசனமானார்.

(1), (3) ஆகியவற்றில் மனிதன் எழுவாய். காணும் முயற்சி அவனுடையது. (2)-இல் அவன் நான்காம் வேற்றுமை ஏற்று அனுபவிப்போனாக மட்டும் நிற்கின்றான். (4), (5) ஆகியவற்றில் கடவுளே எழுவாய். மாட்டுங்காவின் கோயிலுக்குச் சென்று வருபவர் (3)-ஐ இயல்பாகக் கூறுவார். அவர் (4)-ஐக் கூறினால் அது அசாதாரணமான ஒரு நிகழ்ச்சியின் அறிவிப்பாகும்.

எபிரேயத்தில் ஆபிரகாமுக்குக் கடவுள் தோன்றும் இடங்களில் ‘பார்’ என்னும் வினை செயப்பாட்டு நிலையில், கடவுளை எழுவாயாகக் கொண்டு வருகின்றது. ஐக்கிய மொழிபெயர்ப்பு இதனைத் ‘தரிசனமாகு’ என்னும் கூட்டுவினையால் பெயர்த்துள்ளது. எழுவாய் மாறாது நிற்பதால் இது இலக்கண நோக்கில் செம்மையான தேர்வே. திருத்தூதர் பணிகள் 16:9-இலும் அவ்வாறே. கிரேக்கத்தில் பவுல் நான்காம் வேற்றுமையில் நிற்க, தமிழிலும் ‘பவுலுக்கு’ எனவும், வினை ‘உண்டாயிற்று’ எனவும் அமைகின்றன. பவுல் தேடிப் பெற்றதன்று என்பது இவ்வமைப்பால் காக்கப்படுகின்றது. ‘பவுல் கண்டார்’ எனப் பெயர்த்தால் தமிழ் எளிதாகும். ஆனால் முயற்சி பவுலிடம் சென்றுவிடும்.

எனினும் இத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு. ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘ஹாஸோன்’, ‘ஹொராமா’ ஆகியன ‘தரிசனம்’. 1 கொரிந்தியர் 15-இன் ‘ஓஃப்தே’யும் ‘தரிசனமானார்’. இறைவாக்கினரின் அகக்காட்சிக்கும், சீடர்கள் உயிர்த்தவரைக் கண்டதற்கும் ஒரே பெயரடி அமைகின்றது. திருத்தூதர் பணிகள் 12:9-இல் ‘தரிசனம்’ மெய்ந்நிகழ்ச்சிக்கு மாறாக வருவதையும் இதனோடு சேர்த்துப் படிக்கும் தமிழ் வாசகர், உயிர்ப்பும் அத்தகைய தரிசனமோ என வினவ இடமுண்டு. மூலத்தில் ‘ஹொராமா’, ‘ஓஃப்தே’ ஆகியன பொருளால் தொடர்புடையனவாயினும் ஒரே சொல் அல்ல. திருவிவிலியம் இங்கே ‘தோன்றினார்’ என்கின்றது. இதனால் பெயர்ச்சொல்லுக்குக் ‘காட்சி’, வினைக்குத் ‘தோன்று’ எனப் பிரிவு கிடைக்கின்றது. இறையியல் முடிவு எதுவாயினும், வாசகர் அம்முடிவை எடுக்கத் தேவையான வேறுபாட்டை மொழிபெயர்ப்பு அழித்துவிடக் கூடாது என்பதே மொழியியலார் கூறத்தக்கது.

5. மும்பையில் ‘திருஷ்டாந்தம்’

வடமொழி ‘திருஷ்டாந்த’ என்பது அளவையியலில் எடுத்துக்காட்டு ஆகும். தமிழ் அதனை அப்பொருளிலேயே பெற்றது. மணிமேகலையின் ‘திட்டாந்தம்’ இதற்குச் சான்று. இந்தி விவிலியத்தில் அச்சொல் இயேசு கூறிய உவமையைக் குறிக்கின்றது. காட்சிக்கு அங்கே ‘தர்சன்’. மராத்தி விவிலியத்திலோ உவமை ‘தாக்லா’ ஆகின்றது. ‘திருஷ்டாந்த்’ என்பதே காட்சியாகும்.

இது மராத்தி மொழிபெயர்ப்பாளரின் புனைவன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சக்கரதரரின் எடுத்துக்காட்டுக் கதைகளைத் தொகுத்த மகானுபவ நூல் ‘திருஷ்டாந்தபாட்’ எனப் பெயர் பெற்றது. அங்குப் பழம்பொருளே நிற்கின்றது. பின்னர், தெய்வமோ குருவோ கனவில் தோன்றி ஆணையிடுதலும் அதே சொல்லால் வழங்கலாயிற்று. விட்டலனுடன் நாமதேவர் துக்காராமின் கனவில் தோன்றிக் கவி பாடப் பணித்தார் என்னும் வார்க்கரி மரபுச் செய்தி இத்தகைய நிகழ்ச்சிக்குத் தக்க எடுத்துக்காட்டு. மராத்தி விவிலியம் இந்தப் பக்தி வழக்கையே கைக்கொண்டது.

தொடரமைப்பும் கருதத்தக்கது. மராத்தியில் கனவு ஒருவருக்கு ‘விழுகின்றது’. திருஷ்டாந்தம் ஒருவருக்கு ‘ஆகின்றது’. இரண்டிலும் மனிதன் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கின்றான். இந்தியில் கனவும் தர்சனமும் பெரும்பாலும் ‘பார்க்கப்படுகின்றன’, அவ்வமைப்பில் மனிதனே பார்ப்பவன். தமிழ் இரண்டு அமைப்பையும் ஏற்கும். எனவே தொடரமைப்பு நோக்கில் தாராவித் தமிழரின் ‘எனக்குத் தரிசனம் உண்டாயிற்று’ என்னும் கூற்றுக்கு மராத்தி அணித்தாகவும் இந்தி சேய்த்தாகவும் உள்ளன. சொல் நோக்கிலோ இதற்கு நேர்மாறாக, ‘தரிசனம்’ இந்தியோடு ஒன்றுகின்றது, மராத்தியோடு ஒன்றுவதில்லை.

ஒரு பெண், தன் மகன் நோயுற்றிருந்தபோது தனக்குத் ‘திருஷ்டாந்த்’ ஆயிற்று என மராத்தியில் சாட்சி கூறுவதாகக் கொள்வோம். அதை இந்திவழிப் பயின்றவர் தமிழில் ‘உவமை’ எனப் பெயர்த்தால், தெய்வத்தின் சொல் ஓர் ஆசிரியரின் கதையாகச் சுருங்கும். தமிழ்வழி மட்டும் பயின்றவர் ‘எடுத்துக்காட்டு’ என்றால், அப்பெண் தன்னையே பிறருக்கு முன்மாதிரியாகக் காட்டிக்கொண்டதாக முடியும். இரண்டும் அவர் கூறியதன்று. ஒலியொற்றுமையே இங்குத் தடையாகின்றது.

6. ‘தரிசனம்’ பெறும் புதுப்பொருள்

அண்மைக்காலச் சபைத் தமிழில் பின்வருவது போன்ற தொடர் பெருவழக்காகியுள்ளது:

(6) எங்கள் ஊழியத்துக்கு இந்நகரத்தைக் குறித்து ஒரு தரிசனம் உண்டு.

இங்குத் ‘தரிசனம்’ என்பது நெடுநோக்கு, திட்டம் என்னும் பொருளது. ஆங்கில ‘விஷன்’ என்பதன் பொருட்கடன். நீதிமொழிகள் 29:18 ஆங்கிலத்தில் இப்பொருளுக்கு ஆதாரமாக எடுத்தாளப்படுவதுண்டு. மூலத்தில் அங்கு உள்ளது ‘ஹாஸோன்’. ஐக்கிய மொழிபெயர்ப்பு அதனைத் ‘தீர்க்கதரிசனம்’ எனப் பெயர்த்ததால் திட்டம் என்னும் பொருளுக்கு இடமளிக்கவில்லை. (6) போன்ற தொடரில் கேட்போர், கடவுள் பணித்தார் என்று கொள்வதா, தலைவர் எண்ணினார் என்று கொள்வதா? சொல் இரண்டையும் தாங்குவதால் மனிதத் திட்டம் தெய்வ ஆணையின் வலிமையைப் பெற்றுவிடுகின்றது. விவிலியமே இவ்வேறுபாட்டில் கண்டிப்பானது. இணைச்சட்டம் 13-ஆம் அதிகாரமும் எரேமியா 23-ஆம் அதிகாரமும் பொய்க்கனவு கூறுவோரை எச்சரிக்கின்றன. ‘சொப்பனக்காரன்’ என்னும் ஐக்கிய மொழிபெயர்ப்புச் சொல் அவ்வெச்சரிக்கையிலும், யோசேப்பைச் சகோதரர் ஏளனம் செய்யும் இடத்திலும் வருகின்றது. ஒரே சொல் உண்மைக் கனவினனையும் பொய்க் கனவினனையும் சுட்டுவது மூலத்தின் போக்கிற்கு மாறானதன்று.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அ. உறக்கத்தில் காண்பது, அகக்காட்சி, புறத்தே தோன்றுதல் ஆகிய மூன்றுக்கும் தமிழில் மூன்று தனி அடிகள் வேண்டும். ‘கனவு, காட்சி, தோன்று’ என்னும் தொகுதி இதை நிறைவேற்றுகின்றது; ‘சொப்பனம், தரிசனம், தரிசனமாகு’ என்பது நிறைவேற்றவில்லை.

ஆ. ஆயினும் நான்காம் வேற்றுமை அமைப்பைக் காப்பதில் ஐக்கிய மொழிபெயர்ப்பு காட்டும் கவனம் பின்பற்றத்தக்கது. புதிய சொல்லும் பழைய அமைப்பும் இணையலாம். ‘அவருக்குக் காட்சி உண்டாயிற்று’ என்பது தமிழுக்கு அயலானதன்று.

இ. மராத்தி, இந்தி, தமிழ் மூன்றும் கலந்து வழங்கும் இடங்களில் ‘திருஷ்டாந்தம்’ போன்ற பொதுச்சொற்களைப் பொருளறிந்தே பெயர்க்க வேண்டும். இத்தகைய சொற்களுக்கு ஒரு சிறு ஒப்பீட்டு அகராதி தொகுக்கப்படின் பயன்படும்.

தெய்வம் பேசிற்று என்று ஒருவர் கூறும்போது, அதன் மெய்ம்மையைத் தீர்ப்பிடுவது மொழிபெயர்ப்பாளரின் பணியன்று. அவர் கூறியது கனவா, காட்சியா, நேர்த்தோற்றமா என்பதையும், அதில் செயல்பட்டவர் யார் என்பதையும் மாற்றாமல் எடுத்துச் செல்வதே அவர் பணி.