எட்டாம் மாச வலியை லேசாக எண்ண வேண்டாம்

"ஏழாம் மாசம் பொறந்தா தங்கும், எட்டாம் மாசம் பொறந்தா தங்காது" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியல்ல. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் அது குறைமாதப் பிரசவம். அதிலும் 34 வாரத்துக்கு முன்பு பிறந்தால் நுரையீரல் முற்றியிருக்காது, மூச்சுத் திணறும்.

நாள் கூடுமுன் வலி எடுப்பது ஏன்? பல சமயம் காரணம் புலப்படாது. தெரிந்த காரணங்களில் நம் வயல் வேலையோடு ஒட்டியது நீர்க்கடுப்பு. நடவுக்குக் காலையில் சேற்றில் இறங்கினால் மத்தியானம்தான் கரையேறுகிறோம். ஒதுங்க மறைவிடம் இல்லையே என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள், வந்ததையும் அடக்குகிறார்கள். (இதில் அவர்கள் தப்பு என்ன இருக்கிறது?) சிறுநீரில் கிருமி சேர்ந்து, கவனிக்காமல் விட்டால் பிரசவ வலியையே தூண்டிவிடும். எரிச்சல் இல்லாமலும் கிருமி இருக்கலாம். அதனால்தான் சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதிக்கக் கேட்கிறார்கள், கூச்சப்படாமல் கொடுங்கள். மருந்துக்குக் குணமாகும்.

அடுத்தது ரத்தசோகை. ரத்தத்தின் அளவு 11 கிராமுக்குக் குறையக் கூடாது. அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு காலைத் துளைத்து உள்ளே போய் ரத்தத்தை உறிஞ்சும். இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளும் சாப்பிட வேண்டும். "வெளிக்கி கறுப்பா போகுதே" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கெடுதல் இல்லை. டீயோடு மட்டும் விழுங்காதீர்கள்.

ரத்த அழுத்தம் 140/90க்கு ஏறினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். முற்றிவிட்டால், தாயைக் காப்பாற்ற டாக்டரே முன்கூட்டிப் பிரசவம் பார்க்க வேண்டி வரும். இரட்டைக் குழந்தை, முன்பே குறைமாதத்தில் பெற்றவர், கைக்குழந்தை ஒரு வயது தாண்டுமுன் மறுபடி உண்டானவர், இவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

கணவன்மார்களே, இது உங்களுக்கு. வயிறு விட்டுவிட்டுக் கல்லாக இறுகுதா? இடுப்பு வலிக்குதா? பனிக்குடம் உடைந்து நீர் கசியுதா, ரத்தம் படுதா? "சூட்டு வலிதான், சீரகக் கஷாயம் வச்சுக் குடு" என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். குழந்தையின் நுரையீரலை முற்ற வைக்கத் தாய்க்கு ஓர் ஊசி உண்டு. அது முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பிறந்த பிறகு அந்தப் பலன் கிடைக்காது. நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் அந்த ஒரு நாளில்தான் குறைகிறது.

108-ஐக் கூப்பிடுங்கள். எடுத்த எடுப்பில் எத்தனை மாசம் என்று சொல்லுங்கள். தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை போல, பச்சிளங்குழந்தைக்குத் தனிப்பிரிவு உள்ள இடத்துக்கு, குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேருவது நல்லது. கர்ப்பிணி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.