நம்பர் டான்ஸ் ஆடுதா பாஸ்?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எடை பார்க்கிற மெஷின் செய்யலாம்னு கிளம்பிட்டீங்களா? சூப்பர்! ஆனா, அஞ்சு கிலோ லோடு செல் ஒண்ணை வாங்கி, அர்டுயினோ ஊனோவில் நேரா சொருகிடலாம்னு நினைச்சா, ஒரு நிமிஷம் இருங்க.

சின்னதா ஒரு கணக்கு. வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழு அஞ்சு கிலோ ஏத்தினாலும் வருவது 10 மில்லிவோல்ட்தான். ஊனோவுக்குள் இருக்கும் ஏ.டி.சி., அதாங்க, வோல்டேஜை எண்ணாக மாத்துற பகுதி, 10 பிட். அது 5 வோல்ட்டை 1024 படிகளாக வெட்டும். ஒரு படி கிட்டத்தட்ட 4.9 மில்லிவோல்ட். ஆக மொத்தம் ரெண்டே படி! ரெண்டரை கிலோ தக்காளி வச்சாத்தான் நம்பர் ஒண்ணு ஏறும்.

'அப்போ 24 பிட் எச்.எக்ஸ்.711 சிப் போட்டா வேலை முடிஞ்சுது'ன்னு சீனியர் சொல்வார். பாதி உண்மை. 24 பிட்னா 1 கோடியே 67 லட்சம் படிகள். ஒரு படி வெறும் 2.4 நானோவோல்ட். ஆனா அந்த சிப்போட சொந்த இரைச்சலே 50 நானோவோல்ட்னு டேட்டாஷீட்டே ஒப்புக்குது. கடைசி ஆறேழு பிட்டும் சும்மா சலசலப்பு! மிச்சத்தை ஒழுங்கா எடுத்தா, கணக்குப்படி 0.2 கிராம் வித்தியாசம்கூடத் தெரியணும்.

அந்த மிச்சம் உங்க கைக்கு வருமா, வராதா? அதைத் தீர்மானிப்பது போர்டுதான். பிரெட்போர்டில் நீளநீளமா வயர் இழுத்தா, ஒவ்வொரு வயரும் ஆன்டெனா. தலைக்கு மேல இருக்கிற டியூப்லைட்டின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் உள்ளே வந்து குடியேறிடும். அதனால, தீப்பெட்டி சைஸில் சொந்தமா ஒரு போர்டு போடுங்க. 'கீகேட்' சாஃப்ட்வேர் இலவசம். கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்:

* சென்சார் கனெக்டர் ஒரு ஓரம், மைக்ரோகன்ட்ரோலர் எதிர் ஓரம். சிப் கனெக்டர் பக்கத்திலேயே உட்காரணும்.

* சிக்னல் கோடுகள் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டியே, குட்டையா போகணும். க்ளாக் கோடு அந்தப் பக்கமே வரக்கூடாது.

* அடிப்பக்கம் முழுக்க கிரவுண்ட் காப்பர். நடுவுல வெட்டாதீங்க.

* சப்ளை பின்னுக்கு ஒட்டினாப்ல 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ரெண்டு இன்ச் தள்ளி வச்சா அது வெறும் அலங்காரம்.

* செல்லுக்கும் சிப்புக்கும் ஒரே அனலாக் சப்ளை. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் ரெண்டும் சேர்ந்தே இறங்கும், விடை மாறாது.

* 'ரேட்' பின்னை கிரவுண்டில் கட்டுங்க. நொடிக்கு 10 அளவுதான் வரும்; பதிலுக்கு 50 ஹெர்ட்ஸை சிப்பே வடிகட்டிடும். காய்கறி எடை போட அந்த வேகம் தாராளம்!

போர்டு ரெடியா? தட்டில் எதுவும் வைக்காம 100 அளவு எடுங்க. பெருசுக்கும் சிறுசுக்கும் உள்ள இடைவெளிதான் உங்க போர்டோட நிஜ ஜாதகம்.

வைவாவில் எக்ஸ்டர்னல் மூக்குக் கண்ணாடியை இறக்கி, 'இந்த 24 பிட்ல எத்தனை பிட் நெஜம்?'னு கேட்டா, காசு கொடுத்து ரெடிமேடா ப்ராஜெக்ட் வாங்கினவர் சீலிங் ஃபேனைப் பார்ப்பார். நீங்க அந்த 100 நம்பரை எடுத்து டேபிளில் வைங்க!