தாளம் பிசகாத கணக்கு

பட்டாசுத் திரியான கருந்திரியின் குணம் ஆலங்குளம், சிவகாசி வட்டாரத்துக்குப் பழக்கமானது. சரவெடியில் ஓரிடத்தில் திரி சற்று மெதுவாக எரிந்தால், அந்தத் தாமதம் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா வெடிகளையும் பிந்த வைக்கும். கணினியில் தாளம் போட நிரல் எழுதுகிறவர்கள் முதலில் பிடிப்பதும் இந்த வழியைத்தான்: ஒரு தட்டு, அரை விநாடி காத்திரு, மறுபடி ஒரு தட்டு. ஆனால் பல வேலைகளைச் சேர்த்துப் பார்க்கும் இயங்குதளம், காத்திருக்கும் நிரலைக் குறித்த நேரத்தில் எழுப்பும் என்பதற்கு உறுதி இல்லை. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் தட்டுக்கு 2 மில்லிவிநாடி பிந்தினாலும், ஒரே நிமிடத்தில் தாளம் கிட்டத்தட்ட கால் விநாடி பின்தங்கிவிடும்.

தாளத்தைக் கடிகாரத்தை நம்பிப் போடாமல், ஒலியை எண்ணிப் போடுவதே சரியான வழி. குறுந்தட்டுத் தரத்தில் ஒரு விநாடி ஒலி என்பது 44,100 சாம்பிள்கள், அதாவது ஒலி அளவின் எண்கள். எனவே அரை விநாடிக்கு 22,050. நிமிடத்துக்கு 130 தட்டு என்றால் இடைவெளி 20,353.846 என்று பின்னத்தில் வரும். பின்னத்தை வெட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு மணி நேரத்தில் தாளம் 0.15 விநாடி முந்திவிடும். அதனால் ஒவ்வொரு தட்டின் இடத்தையும் முந்தைய தட்டிலிருந்து கணக்கிடாமல், பாட்டின் தொடக்கத்திலிருந்தே கணக்கிட வேண்டும். நூறாவது இடைவெளி முடியும் இடம் வேண்டுமா? நூறால் பெருக்கி, கடைசியில் ஒரே ஒரு முறை முழு எண்ணாக்கினால் போதும். ஒலி 512 சாம்பிள் கொண்ட கட்டுகளாகப் போகும்போது, தட்டைக் கட்டின் தலையில் வைத்துவிடக் கூடாது. அதற்குரிய சாம்பிளில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 11.6 மில்லிவிநாடி வரை பிசகும்.

மிருதங்கக் கலைஞர்கூட இவ்வளவு துல்லியமாக வாசிப்பதில்லையே என்று கேட்கலாம். அவர் கொடுக்கும் சிறு நெகிழ்வு பாட்டின் போக்கைக் கேட்டுக் கொடுப்பது. கணினியின் தடுமாற்றத்துக்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. நெகிழ்வு வேண்டுமென்றாலும், அசையாத கணக்கின் மேல்தான் அதை வைக்க முடியும். ஒலி அட்டைக்கு வேகம் தரும் படிகமும் சற்றே பிசகுமே என்பது இன்னும் வலுவான கேள்வி. உண்மைதான்; பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினாலே மணிக்கு 0.18 விநாடி. ஆனால் பாட்டும் தாளமும் அதே படிகத்தில் ஓடுவதால் ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. இரண்டு கருவிகள் சேரும்போதுதான் சிக்கல். இசையோடு நடத்தும் வாண வேடிக்கையில் அதற்காகவே ஒலிப்பதிவின் ஒரு தடத்தில் நேரக் குறியீட்டைப் பதிந்து, வெடிக்கும் கருவியை அதன்படி ஓட்டுகிறார்கள். வாணம் மேலே ஏற எடுக்கும் நேரத்தைக் கழித்து முன்கூட்டியே ஏவுகிறார்கள். எத்தனை கருவிகள் இருந்தாலும் எண்ணுவது ஒன்றாகவே இருக்க வேண்டும். மற்றவை அதைப் பின்பற்ற வேண்டும்.