போலீஸ் நிலையத்தில் பொன்மலை டிரம்பெட்!

திருச்சி:-

திருட்டுச் செய்தி எடுக்கப் போன இடத்தில் பழைய சினேகிதன் ஒருவனைப் பார்த்தேன். ஆள் இல்லை. டிரம்பெட்!

நகரில் உள்ள ஒரு போலீஸ் நிலையத்தில் சென்ற வாரம் நடந்தது இது. மேஜை மேல் பித்தளை அண்டா, குத்துவிளக்கு. நடுவே அது கிடந்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட வந்த வாலிபர் பிடிபட்டு இருந்தார். டிரம்பெட்டின் விரிந்த வாயில் ஒரு நசுங்கல். பார்த்ததுமே தெரிந்து விட்டது. எங்க ஊர் ஆர்கெஸ்ட்ரா டிரம்பெட்!

தூங்கும் குழந்தையும் எழும்!

நான் வளர்ந்தது பொன்மலையில். 1920-களில் நாகப்பட்டினத்தில் இருந்து ரெயில்வே பணிமனை இங்கே வந்தது. அதன் சங்குச் சத்தம்தான் எங்களுக்குக் கடிகாரம்.

மாரியம்மன் திருவிழா என்றால் ஆர்கெஸ்ட்ரா உண்டு. எல்லோரும் பாடகியைப் பார்ப்பார்கள். நான் மேடை ஓரத்தில் நிற்கும் இரண்டு டிரம்பெட்காரர்களைப் பார்ப்பேன். பெரியவர் பணிமனைத் தொழிலாளி. சர்ச் பேண்டில் ஊதிப் பழகியவர். சின்னவர் அவருடைய சிஷ்யர். விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டு வந்தால் இரண்டு பேரும் ஒன்றாகத் தலையை நிமிர்த்துவார்கள். கன்னம் உப்பும். நரம்பு புடைக்கும். கடைசி வரிசையில் தூங்கும் குழந்தையும் எழுந்துவிடும்!

"விரல் மூணு கட்டையைத்தான் அமுக்குது தம்பி. சத்தம் உதட்டுல இருக்கு. முன் பல்லு போச்சுன்னா பொழப்பே போச்சு" என்பார் பெரியவர்.

ஒரு பட்டன் போதும்

அப்புறம் கீ-போர்டு. பட்டனைத் தட்டினால் டிரம்பெட் சத்தம்! இரவு 10 மணிக்கு மேல் மைக் கூடாது என்று 2000-ம் ஆண்டு விதி வேறு. கச்சேரி சுருங்கியது. "ரெண்டு பேரு எதுக்கு?" என்றார்கள். பெரியவரை நிறுத்தினார்கள்.

சின்னவர் தொடர்ந்து ஊதினார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. சின்னவர் மேல் தப்பு இல்லை என்பது என் அபிப்பிராயம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

2020 ஊரடங்கில் திருவிழாக்கள் நின்றன. குழுவும் கலைந்தது. சின்னவர் இப்போது சாவு வீட்டு பேண்டு செட்டில் ஊதுகிறார்.

"ஊதிக் காட்டுங்க!"

பெரியவருக்குத் தகவல் சொன்னது நான்தான். கைத்தடியோடு பதறி வந்தார். பிடிபட்ட வாலிபரோ, "எங்க தாத்தாவோடது சார்" என்று சாதித்தார்.

"உங்களுதுன்னா ஊதிக் காட்டுங்க பெரியவரே" என்றார் இன்ஸ்பெக்டர்.

உதட்டில் வைத்தார். புஸ் என்று காற்றுதான் வந்தது. முன் பல் நாலும் இல்லை. இரண்டு போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் சிஷ்யன் இருக்கான்" என்றார், குனிந்த தலையோடு.

போன் போட்டேன். அரை மணியில் பேண்டு செட் சட்டையோடு மொபெட்டில் வந்து இறங்கினார் சின்னவர். டிரம்பெட்டைத் தொடவே இல்லை.

"நடுக் கட்டையை அமுக்கிப் பாருங்க சார். மேல வராது. எண்ணெய் விட்டாத்தான் வரும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் அமுக்கினார். கட்டை உள்ளேயே நின்றது. வாலிபர் வாயைத் திறக்கவில்லை.

சின்னவர் எண்ணெய் விட்டு, துடைத்து, ஊதினார். ரோட்டில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"மூச்சு பத்தல" என்றார் முடிவில்.

"சரிண்ணே" என்றார் சின்னவர்.

வழக்குப் பொருள் என்பதால் கையில் கொடுக்க முடியாதாம். கோர்ட்டில் மனு போட்டு, பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வக்கீலைப் பார்க்க இருவரும் ஒரே மொபெட்டில் போனார்கள். அதுவரை டிரம்பெட், அண்டாவோடு போலீஸ் காவலில் இருக்கிறது.